எமது காசு யாருக்கு உழைக்கிறது?

ஆண்டு முடியுமுன்னரே ஆரூடகாரர் கடை விரித்துவிடுகின்றனர். வட்டி ஏறுமா, தங்கம் இறங்குமா, காணி வாங்கலாமா, பங்குச் சந்தையில் கால் வைக்கலாமா என்பனவற்றுக்கெல்லாம் கொழும்பிலிருந்து விடை வருகிறது. அவ்விடைகளை எம்மவர் வேதவாக்காகக் கொள்கின்றனர். ஆரூடம் பொய்த்தபோது இழப்பை ஈடுசெய்த ஆரூடகாரர் ஒருவரையேனும் நாம் இதுவரை கண்டதில்லை.

நாம் ஆரூடம் கூற வரவில்லை. நீதிமன்றத் தாழ்வாரங்களில் கால் நூற்றாண்டாகக் கடன் வழக்குகளைப் பார்த்து வந்தவர் என்ற முறையில், வரும் ஆண்டில் எமது மக்கள் தம் காசை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதையும், அதனிலும் மேலாக, அந்தக் காசு யாருக்கு உழைக்கிறது என்பதையும் பேச வந்துள்ளோம். கசப்பான சில உண்மைகளையும் கூறத்தான் வேண்டும். கசப்பு மருந்தாகுமெனின் அதனைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலில் பழைய கணக்கைத் தீர்ப்போம். 2020ஆம் ஆண்டு முடிவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாழ்நாள் உழைப்பின் பயனாகிய 10 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 6 வட்டிக்கு வங்கியிலிட்டார் என்று கொள்வோம். மூன்று ஆண்டு கழிந்து, வட்டிக்கு வட்டியும் சேர, 11 இலட்சத்து 91 ஆயிரம் ரூபா கைக்கு வந்தது. ஆசிரியர் மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலே நடந்தது என்ன? கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, 2021 டிசெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைக் காட்டிலும் நூற்றுக்கு 12.1 ஏறியிருந்தது. 2022 டிசெம்பரில் அதன்மேல் 57.2 ஏறியது. 2023 டிசெம்பரில் இன்னும் 4 ஏறியது. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் 100 ரூபாப் பொருள் 183 ரூபாவாயிற்று. ஆசிரியரின் 11 இலட்சத்து 91 ஆயிரமும் பழைய விலைக்கு 6 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாப் பெறுமதியாகச் சுருங்கியது. திருடன் வரவில்லை. பூட்டு உடையவில்லை. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது!

இதைத் தெய்வச் செயல் என்று கூறித் தப்ப முடியுமா? வரியைக் குறைத்து, நோட்டு அச்சடித்து, வட்டியையும் டொலர் விலையையும் வலிந்து அமுக்கி வைத்தவர்கள் மனிதர்கள். 2022 மார்ச்சில் ரூபாவைக் கைவிட்டவர்களும், ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தவர்களும் மனிதர்களே. அவ்வாண்டு செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 69.8 என்ற உச்சத்தைத் தொட்டது. அவ்வேளையில் திறைசேரி உண்டியல் வாங்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 30ஐ அண்மித்த வட்டியைப் பெற்றனர். எமது ஆசிரியரோ வைப்பை உடைக்கலாமா, உடைத்தால் வட்டி குறையுமா என்று வங்கி வாசலிலே தயங்கி நின்றார். திறைசேரி உண்டியலைச் சாதாரண மனிதனும் வங்கி வழியாகவோ முதனிலை வணிகர் வழியாகவோ வாங்கலாம் என்பதை அவருக்கு எடுத்துக் கூறுவார் இல்லை.

அடுத்து 2023 வந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஒரு பெயர் சூட்டினர். வங்கிகளை அதிலிருந்து விலக்கினர். சுமையை ஏற்றியது யார் தலையில்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற ஊழியர் சேமலாப நிதியின் தலையில். பழைய பிணைமுறிகளைக் கொடுத்து, 2025 வரை நூற்றுக்கு 12உம் அதன்பின் நூற்றுக்கு 9உம் தரும் நீண்டகாலப் பிணைமுறிகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மறுத்தால் வரி 14 இலிருந்து 30 ஆகும் என்றனர். சட்டத்தரணிகளாகிய நாம் இத்தகைய 'சம்மதத்துக்கு' வேறு பெயர் அறிவோம். யாழ்ப்பாணத்துக் கடைச் சிப்பந்தியும், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும், மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் மாதந்தோறும் நூற்றுக்கு 8 கொடுக்க, முதலாளி 12 சேர்க்க, வளர்ந்த நிதி அது. அந்தத் தொழிலாளரிடம் ஒரு சொல் கேட்டவர் யார்? கொடி பிடிக்கவும் மேடை போடவும் முந்தி நிற்கும் எமது அரசியலாளர், இந்நிதியின் ஆட்சியில் தொழிலாளருக்கு இடம் வேண்டும் என்று எத்தனை மேடைகளிலே முழங்கினர்?

இனி வரும் ஆண்டைப் பார்ப்போம். பணவீக்கம் அடங்கியபின் வட்டியும் இறங்கிவிட்டது. மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 2024 நவம்பரில் நூற்றுக்கு 8 எனவும், 2025 மேயில் 7.75 எனவும் வைத்தது. வைப்பு வட்டியும் அதற்கேற்பக் குறைந்தது. அதன்மேல், 2025 ஏப்ரல் முதல் வட்டி வருமானத்தில் நூற்றுக்கு 10 முன்கூட்டியே வரியாகக் கழிக்கப்படுகிறது. முன்னர் அது 5. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர், வரி இலக்கத்தைப் பெற்று உரிய பிரகடனப் படிவத்தை வங்கியிற் கொடுத்தால் இக்கழிவிலிருந்து தப்பலாம். எத்தனை முதியோர் இதனை அறிவர்? கிராமத்தில் உள்ள படித்தவர் ஒவ்வொருவரும் இரண்டு முதியோருக்கு இப்படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலே அது பெரிய அரசியற் பணியாகும்.

வட்டி தாழும் காலமே வஞ்சகர் எழும் காலம். வங்கி 8 தரும்போது, மாதத்துக்கு 8 தருகிறேன் என்று ஒருவன் வருவான். கழுத்துப்பட்டி அணிந்து, கைபேசியிலே வரைபடம் காட்டி, ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயரையும் சொல்லி வருவான். 2008இல் கோல்டன் கீ கடன் அட்டைக் கம்பனி சரிந்தபோது அழுதவர்களுள் கல்வியிலும் பதவியிலும் உயர்ந்தோர் பலர் இருந்தனர். உரிமம் பெற்ற கம்பனிகூட என்றும் நிலைக்கும் என்று கொள்வதற்கில்லை. பல பத்தாண்டுகள் நாட்டில் இயங்கிய த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை 2020 மேயில் மத்திய வங்கி இரத்துச் செய்தது.

ஆகவே மூன்று விதிகளை மனத்திற் பதிக்குமாறு வேண்டுகிறோம். முதலாவது, 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தின் கீழோ 2011ஆம் ஆண்டின் நிதித் தொழிற் சட்டத்தின் கீழோ உரிமம் பெறாதவரிடம் வைப்பு என்று ஒரு சதமும் கொடாதீர். இரண்டாவது, உரிமம் பெற்ற நிறுவனம் வீழ்ந்தாலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரையே உண்டு. அதற்கு மேற்பட்ட காசை ஒரே நிதிக் கம்பனியில் குவித்தல், ஒரே கயிற்றில் முழு மந்தையையும் கட்டுவதற்கு ஒப்பாகும். மூன்றாவது, ஆளைச் சேர்த்தால் காசு என்னும் எந்தத் திட்டமும் சட்டவிரோதமானது. அதிலே சேர்பவர் ஏமாறுபவர். பிறரைச் சேர்ப்பவரோ குற்றவாளி. உறவினரைச் சேர்த்தால் குற்றம் குறைந்துவிடாது.

அடுத்து, பிணைக் கையொப்பம். 'சேர், ஒரு கையெழுத்துத்தான்' என்று வந்தவரை நம்பிக் கையொப்பமிட்ட ஆசிரியரும் எழுதுவினைஞரும் அழைப்பாணையுடன் எமது அலுவலகப் படியேறுகின்றனர். கடன் வாங்கியவரை முதலில் பிடித்தபின்னரே தம்மிடம் வருவர் என்பது அவர்தம் எண்ணம். அப்படி ஓர் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் அவர்கள் வாசியாது கையொப்பமிட்ட படிவத்திலேயே அவ்வுரிமையைத் துறந்துவிட்டனர்! 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ், நீதிமன்றின் அனுமதியைப் பெற்றே எதிர்வாதஞ் செய்யவும் இயலும். காசு கொடுத்து உதவ முடியுமெனில் கொடுங்கள். முடியாதெனில் கையொப்பமும் கொடாதீர்கள். இரண்டும் ஒன்றே.

தங்கத்தைப் பற்றிப் பேசாது தமிழர் பொருளாதாரம் பேச முடியுமா? 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு 4,000 டொலரைக் கடந்தது. எமது கடைகளிலே பவுண் 3 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. செல்வம் பெருகிவிட்டது என்று மார்தட்டுவோர் உளர். நாம் கேட்பது ஒன்றே: நகை எங்கே இருக்கிறது? கழுத்திலா, அடகுக் கடையிலா? வெங்காயம் நடும்போது சங்கிலியை ஈடு வைத்து, கிண்டி விற்றபின் மீட்டெடுத்த கமக்காரக் குடும்பத்தை நாம் அறிவோம். அது முறையான பொருளாதாரம். ஈடு வைத்த காசு மண்ணில் இறங்கி விளைந்து திரும்பியது. இன்று பலர் ஒரு கடனின் வட்டியைக் கட்ட நகையை ஈடு வைக்கின்றனர். விலை ஏறியதால் மேலதிகக் காசு கிடைக்கிறது என்று அதே நகையை மீண்டும் மறுஈடு வைக்கின்றனர். விலை இறங்கினால் நகை ஏலத்துக்குப் போகும். ஏறிய விலையின் இலாபம் யாருக்கு? நகையை மீட்க வல்லவருக்கே. விலை உயர்ந்திருக்கும்போது நகையில் ஒரு பகுதியை விற்று மறுபகுதியை மீட்பது, முழுவதையும் வட்டியில் இழப்பதிலும் மேல். இது பெண்களுக்கு மனவருத்தம் தரும் யோசனை என்பதை அறிவோம். ஏலம் அதனிலும் பெரிய மனவருத்தம்.

பெண்கள் என்றோம். இங்கே எமது வீட்டுக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சீதனக் காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அசையும் பொருளுக்கு அத்தடை இல்லை. பயன் என்ன? காணியுள்ள பெண்ணுக்கும் குறைந்த வட்டிக் கடன் கிட்டுவதில்லை. அவளிடம் எஞ்சியவை இரண்டு: காதிலே கிடக்கும் தோடு, கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரன். போரிலே கணவன் காணாமற்போன பெண் என் செய்வாள்? மாவட்ட நீதிமன்றம் சென்று சம்மதத்துக்குப் பதிலாக ஆணை பெறலாம் என்று சட்டம் கூறும். ஒரு பரப்புக் காணியை ஈடு வைப்பதற்கு ஒரு வழக்கு! தமிழரின் உரிமை பேசும் நாம், தமிழ்ப் பெண்ணின் உறுதி அவள் கையில் இருக்க வேண்டும் என்று பேசத் தயங்குவது ஏன்? தேசவழமையைக் காப்பது வேறு. 1911ஆம் ஆண்டின் ஒரு பிரிவைக் கட்டிக் காப்பது வேறு.

நுண்கடன் வடக்கிலும் கிழக்கிலும் செய்த கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வர நேர்ந்தது. ஆனால் அதனுள் இருக்கும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிடின் மற்றையோர் கட்ட வேண்டும். இந்த முறையைக் கொழும்பிலோ வேறு நாட்டிலோதான் கண்டுபிடித்தனர் என்று எண்ணாதீர்கள். 1911ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணய சங்கக் கட்டளைச் சட்டத்தின்பின் எமது கிராமங்களில் எழுந்த ஐக்கிய நாணய சங்கங்களும் இதே அத்திவாரத்திலேயே நின்றன. ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு. ஆயின் அங்கே வட்டியும் அனைவருக்கும் உரியது. இலாபம் சங்கத்தின் ஒதுக்கு நிதியாகி ஊரிலேயே நின்றது. இன்று பொறுப்பு மட்டும் ஐந்து ஏழைப் பெண்களுக்கு. இலாபமோ ஊரைவிட்டுப் போகிறது. எமது முன்னோரின் ஐக்கியத்தை எடுத்து எமக்கே வட்டிக்கு விற்கின்றனர்!

கமக்காரரின் கதை வேறல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பொன்னாயின. கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. 1977இன் பின் கதவு திறக்கப்பட்டது. அதே பயிர்கள் கமக்காரரைக் கடனாளியாக்கின. 2021 மேயில் இரசாயனப் பசளைக்கு ஒரே நாளில் தடை வந்தது; நவம்பரில் அது நீங்கியது; இடையில் அழிந்த போகத்துக்கு விதை நெல்லை நம்பியிருந்தவனே பொறுப்பாளி ஆனான். 2025 நவம்பரில் டிட்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதோடு, வயலையும் ஆடுமாட்டையும் வாரிச் சென்றது. இதனால் நாம் கற்பது யாது? எந்த அரசாங்கத்தின் ஒரு வர்த்தமானியை நம்பியும் முழுத் தறையிலும் ஒரே பயிரை நாட்டாதீர்கள். அடுத்த போகத்துக்கான விதையும் கூலியும் கையில் நிற்கும்வரை உழவு இயந்திரத்துக்குப் புதுக் கடன் எடாதீர்கள்.

வர்த்தமானியைக் கொழும்பு எழுதுகிறது. சந்தைக் கழிவை எழுதுபவர் யார்? எமது சந்தைகள் பலவற்றில் 100 கிலோ மரக்கறி கொண்டுவரும் கமக்காரனிடம் 10 கிலோவைக் 'கழிவு' என்று கழிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. எந்தச் சட்டத்தின் கீழ்? எந்தப் பேரினவாதி வந்து இத்தராசைப் பிடித்தான்? பிடிப்பவரும் தமிழர், இழப்பவரும் தமிழர். நூற்றுக்கு 10 என்பது ஒரு நாளைய இழப்பு. ஆண்டு வட்டியாக எண்ணினால் எந்த வட்டிக்கடைக்காரனும் வெட்கித் தலைகுனிவான். உள்ளூராட்சி மன்றங்களில் எமது பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும்போது இந்தக் கொள்ளையை ஒழிக்கப் பாராளுமன்றம் வரை போக வேண்டுமா?

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசையும் நினைவிற் கொள்வோம். பனியிலே நின்று இரண்டு வேலை பார்த்து ஒரு மகன் அனுப்பும் காசு இங்கே என்னவாகிறது? ஆளில்லா மாடிவீடாகிறது, ஒரு நாள் மண்டபச் செலவாகிறது, முகவனிடம் கொடுத்த முற்பணமாகிறது, போட்டி விலைக்கு வாங்கிய காணியாகிறது. காணி வாங்குவோர், காணிப் பதிவகத்தில் தோம்பைப் பழைய உறுதிகளோடு ஒப்பிட்டுத் தேடுதல் செய்யாது ஒப்பந்தத்தில் கை வைக்காதீர்கள். வாங்கியபின் வேலியடைத்துப் பராமரிக்காது விட்டால், பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டவன் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டத்தைக் காட்டுவான். காணி விலை ஏறுவது முதலீடு அன்று. அக்காணியில் ஒரு கிணறு இறைபட்டு ஒரு குடும்பம் உழைத்தால் மட்டுமே அது முதலீடாகும்.

'பழம்பெருமை பேசுகிறீர், கூட்டுறவுச் சங்கங்கள் இன்று தூங்கிக் கிடக்கின்றன, சிலவற்றில் கணக்கும் இல்லை, காசும் இல்லை' என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. கட்சிக்காரரைத் தலைவராக்கியதும், கடனை மீளக் கேளாது விட்டதும், கணக்குப் பரிசோதனையை வெறும் சடங்காக்கியதும் நாமே. ஆனால் இதே மண்ணிலேதான் 1930களில் புகையிலைக் கமக்காரர் ஒன்றுகூடி மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்துத் தரகரின் பிடியைத் தளர்த்தினர். மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்ததும் இம்மண்ணிலேதான். வீரசிங்கம் மண்டபத்தில் கூட்டம் நடத்தும் எம்மில் எத்தனை பேர், அம்மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்கின்றோம்? அன்று அவர்களிடம் இணையமும் இல்லை, பட்டயக் கணக்காளரும் இல்லை. இன்று எமது ஊர் தோறும் கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் உளர். இல்லாதது ஒன்றே: பொதுக் காசைத் தன் காசிலும் மேலாகக் காக்கும் துணிவு.

ஆகவே வரும் ஆண்டுக்கு எமது யோசனைகள் இவை. உத்தியோகத்தர்களே, ஆறு மாதச் செலவைப் பாதுகாப்பான வங்கியில் வையுங்கள்; அதற்கு மேலுள்ளதை வெவ்வேறு தவணைகளாகப் பிரித்து, ஒரு பகுதியைத் திறைசேரி உண்டியலிலும் இடுங்கள்; கடன் வாங்கிப் பங்குச் சந்தைக்குப் போகாதீர்கள். வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டதென்று அயலவனைப் பார்த்து லீசிங் வாகனம் எடுப்பது முதலீடன்று. மாதந்தோறும் செலுத்தும் தண்டப்பணம் அது. கமக்காரர்களே, கிராமத்துக்குப் பத்துப் பேராயினும் சேர்ந்து விதையும் பசளையும் ஒன்றாக வாங்குங்கள். கழிவு கேட்கும் சந்தைக்கு ஒரு கிழமை பொருள் கொண்டு செல்லாது நின்று பாருங்கள். கணக்கறிந்தவர்களே, மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவுச் சங்கத்தின் புத்தகங்களுக்குக் கொடுங்கள்.

எமது பிரதிநிதிகளிடம் நாம் கேட்பவை நான்கு. வடக்கிலும் கிழக்கிலும் திரளும் வைப்பில் எவ்வளவு அங்கேயே கடனாகக் கொடுக்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு வங்கியும் மாவட்டம் மாவட்டமாக ஆண்டுதோறும் வெளியிடச் செய்யுங்கள். சேமலாப நிதியின் ஆட்சியில் தொழிலாளரின் குரலுக்கு இடம் பெறுங்கள். மணமான பெண்ணின் காணிக்குக் கணவனின் கையொப்பம் கேட்கும் பிரிவை நீக்குங்கள். சந்தைக் கழிவை உங்கள் சபைகளிலேயே தடைசெய்யுங்கள். இவற்றுள் ஈற்றது எவரிடமும் கையேந்தாது நாளையே செய்யத்தக்கது. அதையும் செய்யாதவர், ஏனைய மூன்றையும் செய்வேன் என்று மேடையில் முழங்கினால் எவ்வாறு நம்புவது?

வெளிநாட்டுக் கடனை நாடு பெருமளவிற் திருப்பிக் கட்ட வேண்டிய காலம் 2028இல் தொடங்குகிறது. அன்று மீண்டும் ரூபா தளருமா, விலை ஏறுமா என்பதை ஆரூடகாரர் சொல்லட்டும். சென்ற முறை வெள்ளம் வந்தபோது எமது ஆசிரியர் தனித்து நின்றார். எமது கமக்காரர் தனித்து நின்றார். கணவனை இழந்த பெண் தனித்து நின்றாள். மூவரும் ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள். அம்மூவரும் ஒரு சங்கத்தின் அங்கத்தவராக இருந்திருப்பின், ஆசிரியரின் காசு கமக்காரரின் கிணற்றில் நீராகியிருக்கும். அப்பெண்ணின் தோடும் காதிலேயே இருந்திருக்கும். அச்சங்கத்தின் கதவைத் திறக்க எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. திறவுகோல் எம்மவர் கையிலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது.